இரு வீட்டுக்கும் ஒரே விடை

குடும்பம், கலியாணம், நட்பு ஆகிய உறவுகளைப் பற்றிய ஆய்வுக்காக இவ்வாண்டு முதன்முதலாகக் களத்துக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளே,

வினாக்கொத்தை எவ்வாறு நிரப்புவது, ஒலிப்பதிவுக்கு எவ்வாறு சம்மதம் பெறுவது என்பவற்றையெல்லாம் உங்களுக்குச் செம்மையாகக் கற்பித்திருப்பார்கள். நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கருவிகள் மாறிவிட்டன, அவற்றைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே மாறாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு வீட்டில் நீங்கள் கேட்டறிந்ததை, அந்த வீட்டின் வேலிப் படலைக்கு வெளியே நின்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அப்போது என்ன செய்வீர்கள்?

‘ஒன்றும் சொல்லமாட்டோம்’ என்று நீங்கள் விடை சொல்வது எனக்குக் கேட்கிறது. எனக்கு இத்தொழிலைக் கற்பித்த பேராசிரியரும் அதையேதான் சொன்னார். வீட்டில் கேட்டதை வீட்டிலேயே விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்பார். தங்கமான மனிதர், விதியும் சரியான விதி. ஆனால் அவர் வன்னியில் வாழ்ந்தவர் அல்லர். இங்கே கலியாணப் பேச்சு நடக்கும் காலத்தில் ஒன்றும் சொல்லாமலிருப்பதும் ஒரு சொல்லாகவே கொள்ளப்படும் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில், சொல்வதால் வந்த ஒரு சேதத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் தீயது சொன்னதால் வந்தது அன்று. நல்லது சொன்னதால் வந்தது.

கொக்கிளாயில், களப்பை ஒட்டிய குறுந்தெருவான ஒழுங்கையொன்றில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்களிடையே வேலை செய்துகொண்டிருந்தோம். எங்கள் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் நல்ல மனம் படைத்தவர். முதல் வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட விதம் அவரை உருக்கிவிட்டது. அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும், பேச்சைத் தொடங்குவதற்காக, பக்கத்து வீட்டு அண்ணனும் அக்காவும் எவ்வளவு ஒற்றுமை என்று வாயாரப் புகழ்ந்தார். அந்த வீட்டுப் பெண் வலையிலிருந்து கையை எடுக்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப எங்களைப் பற்றி அடுத்த வீட்டிலை போய் என்ன சொல்லுவியள் தம்பி?”

தம்பி சிரித்துச் சமாளித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்கு முன்பாகவே ஒழுங்கை முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் ஏறிய எந்த வீட்டிலும் ஒரு முணுமுணுப்புக்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கணவனும் மனைவி சொல் தட்டாதவன்; ஒவ்வொரு மனைவியும் கணவன் முகம் பார்த்து நடப்பவள். வேலிக்கு அப்பால் சட்டி பறக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வீட்டில் ஒரு குறையுமில்லை என்று வாக்குமூலம் தந்தார்கள். உலகத்தில் கணவன் மனைவிச் சண்டையே இல்லாத ஓர் ஒழுங்கையை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்கள் குழுவில் பகிடி விடுவார்கள். அந்த ஒழுங்கையின் தரவுகளை நாங்கள் பயன்படுத்தவே முடியவில்லை.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இதில் வரும் பெயர்கள் நான் வைத்தவை. இதை எழுதுவதற்கு உரியவர்களிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். எப்படிப் பெற்றேன் என்பது முடிவில் தெரியும்.

கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் அவர்கள் யாரிடம் போய் மனம் திறக்கிறார்கள், உறவினரிடமா, நண்பரிடமா என்பதே அப்போது எங்கள் ஆய்வின் பொருள். துணுக்காய்ப் பக்கத்தில் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் நாகேஸ்வரி என்பவரின் வீடு எங்களுக்கு அமைந்தது. கணவரின் தகப்பனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி கண்ட குடும்பம். ஒரே மகன், பெயர் குமரன். கணவரும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஏன் என்பதுதான் ஊருக்குத் தெரியாது. ஆகவே ஊர் தானாக ஒரு காரணத்தைச் செய்து வைத்திருந்தது: கணவர் மனைவிமேல் கை நீட்டுகிறவர் என்று.

நாகேஸ்வரி சமையலுக்கிடையே குசினி வாசலில் இருந்துகொண்டு எனக்கு விடை சொன்னார். மனம் விட்டுக் கதைப்பதற்கு உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது அவர் சற்றும் யோசிக்கவில்லை.

“ஒருதரும் இல்லை ரீச்சர். விளக்கு வைச்சுப்போட்டுப் பிள்ளையாரிட்டைச் சொல்லுவன். அவர் திருப்பிக் கதைக்கமாட்டார்.”

எங்கள் ஊர்களில் கோப்பொன்றைக் கையில் பிடித்த பெண் யாரானாலும் ரீச்சர், அதாவது ஆசிரியைதான். திருத்தப் போனால் கோபிப்பார்கள், நான் திருத்தியதில்லை. அன்று அவர், பிள்ளையாரிடம் சொன்ன காரணத்தை எனக்கும் சொன்னார். ஊர் செய்து வைத்திருந்த காரணத்துக்கும் அதற்கும் எவ்வித ஒட்டுமில்லை. கை நீட்டும் கதையே அதில் கிடையாது. இருவருமே தாங்கமாட்டாத ஒரு துயரத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்தார்கள். சேர்ந்து சுமக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் புறப்பட ஆயத்தமானபோது ஒன்றைக் கண்டேன். மதியச் சாப்பாட்டுக்குக் கணவரை அழைக்க வேண்டியிருந்தது. நாகேஸ்வரி மகனைக் கூப்பிட்டுச் சுடுசொல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். குமரன் முற்றத்தைக் கடந்து போய்த் தகப்பனாரிடம் அதையே இதமாகச் சொன்னான். தகப்பனார் அதற்கு வெடுக்கென்று ஏதோ சொன்னார். அந்தச் சொல்லும் முற்றத்தைக் கடந்து குசினிக்கு வந்து சேர்ந்தபோது பணிவான சொல்லாக இருந்தது. தாயின் வாயிலிருந்து புறப்பட்டது ஒன்று. தகப்பனின் காதில் விழுந்தது வேறொன்று. பள்ளிப் பருவத்திலிருந்தே அவன் அந்த முற்றத்தில் இதைத்தான் செய்துவந்திருக்கிறான் என்பது எனக்கு விளங்கிற்று.

நம் பதிகங்களிலும் பாசுரங்களிலும் இறைவன்மீது காதல் கொண்டவள் கிளியையும் நாரையையும் வண்டையும் தூது விடுவாள். அவை போய்ச் சேர்ந்தபின் என்ன சொல்லின என்று பாட்டுகள் சொல்வதில்லை. ஒருவேளை அவையும் குமரனைப்போலக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்லியிருக்குமோ என்று, திரும்பி வரும் பேருந்தில் எண்ணிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழிந்தன. புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்று. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, நான் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியபோது விறாந்தையில் ஒரு பெண் காத்திருந்தார். தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து பேருந்து மாறி வந்திருந்தார். முகம் கண்டதும் நினைவு வந்தது. அவர் பெயர் செல்வராணி, கணவரை இழந்தவர். அதே ஆய்வுக்காக அவருடைய வீட்டுக்கும் நான் போயிருந்தேன். அவரும் எனக்கு நிறையச் சொல்லியிருந்தார்.

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியும் பேருந்துச் சாரதியின் ஓட்டத்தைப் பற்றியும் பேசினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விடயத்துக்கு வந்தார். மகள் துளசிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. சாதகம் நல்ல பொருத்தம். துளசிக்கும் பெடியனைப் பிடித்திருக்கிறது. முன்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியொன்றுக்குத் துணுக்காய்ப் பக்கம் போனபோது கண்டிருக்கிறாள். நவராத்திரி முடிவதற்குள் முடிவு சொல்ல வேண்டுமென்று தரகர் நெருக்குகிறார். சொல்லாவிட்டால் அவர்கள் வேறிடம் பார்ப்பார்கள். பெடியனின் பெயர் குமரன்.

நாகேஸ்வரியின் மகன்.

“ரீச்சர், நீங்கள் அந்த வீட்டுக்குள்ளை போய் இருந்து கதைச்சனீங்கள். தாயும் தகப்பனும் கதைக்கிறேல்லையாம் எண்டு சனம் சொல்லுது. கதைக்காத வீட்டிலை கை கதைக்கும். அது எனக்குத் தெரியும். எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. அந்த வீட்டிலை கை நீளுமோ?”

பிள்ளைகளே, இவ்விடத்தில் நீங்கள் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலியாணத்துக்கு முன் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு நேரே நடப்பதில்லை. அயலவர், கடைக்காரர், உடன் படிப்பித்தவர், கோயில் ஐயர் என்று சுற்றிவளைத்துத்தான் நடக்கும். விசாரிக்கப்படுகிறவர் நல்ல குடும்பம் என்று தெரிந்தால் வாயாரச் சொல்வார். தீயது தெரிந்தால், ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்று, எனக்கொன்றும் தெரியாது என்பார். அந்த ‘ஒன்றும் தெரியாது’ என்பதைக் கேட்டவுடன் விசாரிக்க வந்தவர் எழுந்துவிடுவார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எத்தனையோ சம்பந்தங்கள் எங்கள் பக்கத்தில் ஒரு மௌனத்தால் முறிந்திருக்கின்றன.

பேராசிரியரின் விதி எனக்கு மனப்பாடம். அதையே சொன்னேன். நாங்கள் போன எந்த வீட்டைப் பற்றியும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை என்றேன்.

செல்வராணி என்னை ஒரு கணம் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். குடையை எடுத்தார்.

“சரி ரீச்சர். விளங்கிற்றுது. நீங்கள் சொல்லாட்டிலும் சொன்னமாதிரித்தான். பிள்ளையைக் காப்பாத்தினீங்கள். கடவுள் உங்களை நல்லா வைச்சிருப்பார்.”

நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். என் மௌனத்துக்குத்தான் நன்றி. படலையை அவர் தாண்டினால், பொய்யான ஒரு செய்தியோடு தாண்டுவார். கையே நீளாத ஒரு வீட்டைக் கை நீளும் வீடென்று நான் சாட்சி சொன்னதாக முடியும். துளசி விரும்பிய பெடியனை இழப்பாள். குமரனுக்கு, ஏன் மறுத்தார்கள் என்பது ஆயுளுக்கும் தெரியவராது. என்னிடம் இருந்ததோ ஒரேயொரு வாக்கியம். ‘கவலைப்படாதேங்கோ, நல்ல பெடியன்’ என்று சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்லதைத்தானே சொல்லியிருப்பேன்? கொக்கிளாய் ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். இன்று இந்த வீட்டைப் பற்றி நல்லது சொன்னால், நாளை இன்னொரு தாய் இன்னொரு வீட்டைப் பற்றிக் கேட்டு வருவாள். அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல நல்லது இல்லாவிட்டால் நான் பேசாமலிருப்பேன். அப்போது என் மௌனம் உண்மையிலேயே தீர்ப்பாகிவிடும். முதல் வீட்டைப் புகழ்ந்த வாய்தான் இரண்டாம் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு வன்னியில் எந்தப் பெண் எனக்குக் குசினி வாசலில் பலகை போட்டு இருத்துவாள்?

இன்னொன்றும் மனத்தில் வந்தது. அடியார்கள் இறைவனைத் தாயென்றார்கள், தோழனென்றார்கள், சிலவேளை பித்தனென்று ஏசவும் செய்தார்கள். ஊருக்குச் சொல்ல முடியாத அத்தனையையும் அவனிடம் சொன்னார்கள். அவன் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போய்ச் சொன்னதாக நான் எந்தப் பாட்டிலும் படித்ததில்லை. நாகேஸ்வரி பிள்ளையாருக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்லியிருந்தார்; ஒரே காரணத்துக்காகத்தான்.

ஆனால் விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று செல்வராணியைப் போகவிட்டுவிடவும் முடியாது. அந்த மௌனத்தை அவர் தவறாகப் படித்துவிட்டார். அதைத் திருத்த வேண்டியது என் பொறுப்பு. உள்ளிருப்பதைச் சொல்லாமல் திருத்த வேண்டும். படலையின் கொளுக்கியில் அவர் கை வைத்துவிட்டார்.

“செல்வராணி, கொஞ்சம் நில்லுங்கோ. உங்கடை வீட்டுக்கும் நான் வந்தனான் எல்லோ?”

“ஓம். வந்தனீங்கள்.”

“அவையும் விசாரிப்பினம். உங்களைப் போல ஆரும் என்னட்டை வந்து, செல்வராணி வீடு எப்பிடி எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

அவர் அப்படியே நின்றார். தம் வீட்டில் எனக்குச் சொன்னவை அனைத்தும் அவர் கண்ணில் ஒருமுறை ஓடி மறைந்ததைக் கண்டேன். அவற்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

“சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர்,” என்றார், குரல் தாழ்ந்து.

“சொல்லமாட்டன். உங்களுக்கு இப்ப சொன்னதைத்தான் அவைக்கும் சொல்லுவன். ஒரு சொல்லுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.”

என் விடையைக் கேட்டு எழுந்து போகிறவர் தாமல்ல, தம் வீட்டை விசாரிக்க வந்த வேறொருவர் என்று எண்ணிப் பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார்.

“அப்ப அவையும் விளங்கிற்றுது எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போவினம்.”

“ஓம். போவினம்.”

“என்ரை பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லாமல்.”

“ஓம்.”

கொளுக்கியிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குச் சினம்தான் வந்தது. சொல்லாமலும் இருப்பீர்கள், போகவும் விடமாட்டீர்கள், நான் என்னதான் செய்வது என்று கேட்டார். கலியாணம் கட்டாத உங்களுக்கு இதெல்லாம் விளையாட்டு என்றும் ஒரு குத்துக் குத்தினார். அது நியாயமான குத்துத்தான், வாங்கிக்கொண்டேன்.

என்னிடம் கேட்ட கேள்வியை அந்த வீட்டிலேயே போய்க் கேட்கலாமே என்றேன். எந்த வீடாக இருந்தாலும், எந்தத் தாய் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இதிலிருந்து ஒரு குறிப்பும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னேன். ஆனாலும் அதை அவர் ஒரு குறிப்பாக எடுத்துவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. அந்த அச்சம் இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை. முற்றிலும் மாசில்லாத வழி ஒன்று அன்று என் கைக்கு அகப்படவில்லை. இருந்தவற்றில் குறைந்த மாசுள்ளதைத் தெரிந்தெடுத்தேன்.

“நேரை போய்க் கேக்கிற வழக்கம் இல்லையே ரீச்சர்.”

“சாட்டுச் சொல்லிப் போற வழக்கம் இருக்குத்தானே.”

அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பின் சாயல் தெரிந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் கண்ணால் காண விரும்பினால், கன்று பார்க்க வந்தோம் என்றோ வேறெதையோ சாட்டாகச் சொல்லி உள்ளே நுழைவது எங்கள் பக்கத்தில் உண்டு. எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். இரு தரப்பும் கன்றைப் பற்றியே பேசுவார்கள். பெரும்போகமான காலபோகத்தின் விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. விதைநெல் கேட்கப் போவதென்று செல்வராணி தீர்மானித்தார். தண்ணீரூற்றிலிருந்து துணுக்காய்க்கு விதைநெல் தேடிப் போகிற பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அடுத்து வந்த நாட்களில் என் வேலை எதுவும் ஓடவில்லை. ஒருநாள் பின்னேரம் அவர் ஊர் திரும்பும் வழியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் உண்மையாகவே ஒரு சிறு பை விதைநெல் இருந்தது. நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அவர் போனபோது முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவிட்டிருந்தார்கள். தகப்பனார் கொளுத்தும் வெயிலில் நின்று நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி வந்தவரை வரவேற்று, குசினிக்கும் முற்றத்துக்கும் நடுவே மாமர நிழலில் கதிரை போட்டு இருத்தினார். நடுவே இருந்ததுதான் நல்லதாயிற்று. குசினிக்குள் சொன்னதும் கேட்டது. முற்றத்தில் சொன்னதும் கேட்டது.

தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த நாகேஸ்வரி மகனைக் கூப்பிட்டார்.

“டேய், உந்த மனிசனுக்குச் சொல்லு. வந்த ஆக்களுக்கு முன்னாலை வெயிலிலை விழுந்து செத்து என்ரை மானத்தை வாங்கவேண்டாமெண்டு.”

குமரன் செல்வராணியைக் கடந்து தகப்பனாரிடம் போனான்.

“அப்பா, வெயில் கூடிப்போச்சாம். நிழலிலை வந்து இருக்கட்டாம்.”

“எப்ப சாகிறதெண்டு எனக்குத் தெரியும். தன்ரை வேலையைப் பாக்கச் சொல்லு.”

அவன் திரும்பவும் செல்வராணியைக் கடந்து குசினிக்குப் போனான்.

“கிளறி முடிஞ்சு வாறாராம் அம்மா. தேத்தண்ணி தரட்டாம்.”

செல்வராணி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினாராம். சிரிப்பையும் அடக்க முடியவில்லை, கண்ணீரையும் அடக்க முடியவில்லை என்றார். தகப்பனார் நிழலுக்கு வந்து இருந்தார். அவருடைய தேத்தண்ணியை நாகேஸ்வரி தாமே கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல், சீனி வேறாக ஒரு தட்டில் வைத்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். கை நீளும் வீட்டில் ஒரு பெண் எப்படிக் கிட்டப் போவாள், எப்படி விலகுவாள் என்பது செல்வராணிக்குத் தெரியும். இவர் அப்படி விலகவில்லை.

பிறகு செல்வராணி வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். குசினிக்குள் போய், விதைநெல் சாட்டை விட்டுவிட்டு, நேரே கேட்டார். ரீச்சரிடம் போனதையும், ரீச்சர் சொல்ல மறுத்ததையும், தாம் எழுந்து போகப் பார்த்ததையும் சொன்னார். தம் வாழ்வில் நடந்ததையும் சொன்னார். நாகேஸ்வரி அடுப்பைத் தணித்துவிட்டு, நெடுநேரம் இருந்து காரணத்தைச் சொன்னாராம்.

“என்ன காரணமெண்டு உங்களுக்கும் சொல்லமாட்டன் ரீச்சர்,” என்றார் செல்வராணி, பையைத் தூக்கிக்கொண்டே. “நீங்கள் மட்டும்தான் சொல்லாமல் இருப்பியளோ?”

இதற்குப் பின் ஒரு வாரம் இருக்கும். நாகேஸ்வரியின் தமையனார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார் என்பது அவர் தலைக்கவசத்தைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. நாங்கள் போன எந்த வீட்டைப் பற்றியும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை என்றேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“ஓம் அக்கா, இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு தங்கச்சி சொன்னவா. பெண் வீட்டுக்காரருக்கும் இதைத்தானாம் சொன்னனீங்கள். எண்டாலும் தாய்மாமன் போய்க் கேக்கேல்லை எண்டு பிறகு ஒரு கதை வரக்கூடாதெல்லோ.”

தேத்தண்ணி குடித்துவிட்டு மகிழ்ச்சியோடு போனார். அதே விடைதான். செல்வராணியை எழுந்து போகச் செய்த அதே விடை இவரை ஒன்றும் செய்யவில்லை. எல்லோருக்கும் ஒன்றுபோலச் சொல்லாமலிருக்கிறார் என்பது ஊருக்குத் தெரிந்தபின் அந்த மௌனத்தை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து, எந்த ஊரில் வேலை தொடங்கினாலும், முதல் நாளே கோயிலடியிலோ வாசிகசாலையிலோ கூட்டம் கூட்டி, கலியாண விசாரிப்புக்கு எங்களிடம் வராதீர்கள், யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே விடைதான் என்று சொல்லிவிடுவது எங்கள் குழுவின் வழக்கமாயிற்று. சனம் சிரிப்பார்கள். ஆனால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

தை மாதத்தில் கலியாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. இரு வீட்டையும் அறிந்தவள் அந்தப் பந்தலில் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அதற்கும் ஒரு பொருள் கொள்வார்கள். கோயிலில் அவர்கள் பெயருக்கு ஓர் அருச்சனை செய்துவிட்டுப் பேசாமலிருந்தேன்.

அடுத்த கோடையில் சிறுபோகம் விளைந்து நின்ற காலத்தில் ஆய்வின் இரண்டாம் சுற்று வந்தது. முதற்சுற்றில் கேட்ட வீடுகளுக்கே மீண்டும் போய் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். நாகேஸ்வரி அதே குசினி வாசலில் எனக்குப் பலகை போட்டார். குமரன் பகலில் வயலுக்குப் போய்விடுகிறான். வீட்டில் இருப்பவள் துளசிதான். ஆகவே குசினிக்கும் முற்றத்துக்கும் சொல் காவும் வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் நேர்ந்ததை நாகேஸ்வரி எனக்குச் சொன்னார்.

துளசி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். சொன்னதைச் சொன்னபடி சொல்லிப் பழகியவள். மழை தூறிக்கொண்டிருந்த ஒருநாள் மாமியார், உந்தக் கிழடு மழையிலை நனைஞ்சு சளி பிடிச்சு என்ரை உயிரை எடுக்கவேண்டாமெண்டு சொல்லு என்று அனுப்பினார். துளசி குடையோடு போய், மாமா, உந்தக் கிழடு மழையிலை நனைஞ்சு சளி பிடிச்சு மாமியின்ரை உயிரை எடுக்கவேண்டாமாம் என்று எழுத்துக்கு எழுத்து ஒப்புவித்தாள்.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே குசினி வாசலுக்கு வந்துவிட்டார்.

“பிள்ளை, உதைத்தானோ இவ்வளவு காலமும் சொல்லிவிட்டவா எண்டு கேள்.”

நாகேஸ்வரி ஒரு முழம் தள்ளி அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். திரும்பவில்லை.

“ஓமெண்டு சொல்லு பிள்ளை.”

“ஓமாம் மாமா,” என்றாள் துளசி.

அவர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நாகேஸ்வரி எத்தனையோ காலமாகக் கேட்டதில்லை. தாம் பதிலுக்குச் சொல்லிவிட்டவை எப்படி வந்து சேர்ந்தன என்று அவரும் மருமகளிடம் கேட்க, இருவருக்கும் தங்கள் மகன் இவ்வளவு காலமும் செய்துவந்தது தெரிந்துபோயிற்று. அன்று மாலை குமரன் வந்தபோது இருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. சோற்றோடு அவனுக்கு இரண்டாவது மீன் துண்டும் விழுந்தது.

இப்போது நேரே பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

“இல்லை. ஆனால் அவர் இப்ப வாசலிலை வந்து நிண்டுதான் பிள்ளைக்குச் சொல்லுவார். எனக்குக் கேக்கும்.”

இதையெல்லாம் பெயர் மாற்றி என்றாவது எழுதலாமா என்று கேட்டேன். நாகேஸ்வரி யோசித்தார். எழுதுங்கள், ஆனால் காரணத்தை மட்டும் எழுத வேண்டாம் என்றார். அது தெரிந்தவர்கள், நடந்ததில் பங்குள்ள தாமும் கணவரும் போக, பிள்ளையாரும் நானும் செல்வராணியும் மட்டுமே என்றார். வெளியே போனால் பிள்ளையார் மேல் சந்தேகப்படமாட்டேன் என்றும் சொல்லிவைத்தார். பின்னர் அங்கேயே துளசியிடமும், வயலுக்குப் போய் ஆண்கள் இருவரிடமும், தண்ணீரூற்றுக்குப் போய்ச் செல்வராணியிடமும் அனுமதி வாங்கினேன்.

அன்று நாகேஸ்வரியிடம் முறைப்படி கேட்க வேண்டிய ஒரு வினா மீதம் இருந்தது. மனம் விட்டுக் கதைக்க உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று முதற்சுற்றில் கேட்டபடியே கேட்டேன். முன்போலவே அவர் சற்றும் யோசிக்கவில்லை.

“சம்பந்தி,” என்றார். பிறகு, ஏதோ குறைந்துவிட்டதுபோல, “பிள்ளையாரையும் எழுதுங்கோ ரீச்சர், கோவிப்பார்,” என்றார்.

இருவரையும் எழுதிக்கொண்டேன்.